12 நம்பர் என்றால் 12 இல்லை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் தாமல் வரும். பெரிய ஏரி உள்ள ஊர். லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் அந்தச் சாலையில், சித்தப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வலது காலுக்குக் கீழே கடகடவென்று சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால் சைலன்சர் ஆடுகிறது. அதை வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டைக் காணோம். ஓட்டை மட்டும் இருக்கிறது.

வந்த வழியே திரும்பிப் போய்த் தேடுவது வீண் வேலை. எந்த லாரி டயரில் மாட்டிக்கொண்டு எங்கே போனதோ! சைலன்சர் ஆறும்வரை பொறுத்திருந்து (தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்), ஒரு கம்பியால் கட்டிக்கொண்டு மெதுவாக மெக்கானிக் கடைக்குப் போகலாம். சைலன்சர் போல்ட் என்பதால் இப்படிச் செய்யலாம். காணாமல் போனது பிரேக் போல்ட்டாகவோ, சக்கர அச்சின் நட்டாகவோ, ஹேண்டில் பார் போல்ட்டாகவோ இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடையில் மெக்கானிக் அண்ணன் ஓட்டையை ஒரு பார்வை பார்ப்பார். "இன்னா தம்பி, பன்னண்டாம் நம்பர் போல்ட்டுதானே?" என்று கேட்டபடி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி, ஒன்றை எடுத்து நீட்டுவார். அதை வாங்கி உங்கள் ஸ்கேலில் அளந்து பாருங்கள். தண்டின் தடிமன் 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்படியானால் 12 எங்கே போனது?

அது தலையில் இருக்கிறது. போல்ட்டின் ஆறுபட்டைத் தலையில் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் 12 மில்லிமீட்டர். அதைத் திருகும் ஸ்பேனரில் 12 என்று பொறித்திருக்கும். மெக்கானிக் நாளெல்லாம் கையில் பிடிப்பது ஸ்பேனரைத்தானே, அதனால் போல்ட்டுக்கும் ஸ்பேனரின் நம்பரையே பெயராக வைத்துவிட்டார். அவர் கடைக்குள் அந்தக் கணக்கு சரியாகத்தான் ஓடும். ஆனால் நீங்கள் பக்கத்து ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போய் "12 போல்ட் கொடுங்க" என்றால், கடைக்காரர் 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குண்டு போல்ட்டை எடுத்துத் தருவார். அது ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. அங்கே "எட்டு எம்.எம்." என்றுதான் கேட்க வேண்டும். அப்போதும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. ஜப்பானிய வழியில் செய்த பைக்குகளில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 ஸ்பேனர். ஹார்டுவேர்ஸ் கடையின் 8 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 13 ஸ்பேனர். தண்டு ஒன்றுதான், தலைதான் வேறு.

தடிமன் கிடைத்துவிட்டது. அது மட்டும் போதுமா?

போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஒரு வரி ஓடுகிறதே, அதைப் பட்டறையில் மரை என்பார்கள், த்ரெட் என்றும் சொல்வார்கள். அந்த வரி உண்மையில் ஒரு சாய்தளம். நம்பாவிட்டால் ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதன் சாய்ந்த பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, ஒரு பென்சிலின் மேல் சுற்றிப் பாருங்கள். நேர்க்கோடு மரையாக மாறியிருக்கும். ஒரு முழுச் சுற்றில் அந்த வரி எவ்வளவு தூரம் முன்னேறுகிறதோ அதுதான் மரை இடைவெளி. பைக்கில் வரும் 6 மி.மீ. போல்ட்டுக்கு அது 1 மி.மீ.; 8 மி.மீ. போல்ட்டுக்கு 1.25 மி.மீ.

இவ்வளவு சிறிய தூரத்தை அளக்கக் கருவி வேண்டாமா? மெக்கானிக்கிடம் ரம்பப் பல் வெட்டிய சிறு தகடுகள் கொண்ட த்ரெட் கேஜ் இருக்கும். உங்களிடம் பென்சில் இருக்கிறதே! போல்ட்டின் மேல் மெல்லிய தாளை இறுக்கமாக வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மரைகள் வரிசையாகக் கோடு கோடாகத் தாளில் விழும். ஒரு கோட்டிலிருந்து தொடங்கிப் பத்து இடைவெளிகளை அளந்து பத்தால் வகுத்தால் கணக்கு முடிந்தது. 12.5 மி.மீ. வந்தால் இடைவெளி 1.25. பத்து இடைவெளிக்கு 11 கோடுகள் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெரியவர்களே இதில் கோட்டைவிடுவார்கள்.

ஆனால் நம் கதையில் போல்ட்டே காணோமே, எதைத் தேய்ப்பது? இங்கேதான் கொஞ்சம் துப்பறிய வேண்டும். பைக்கில் பல பாகங்கள் ஜோடியாக இருக்கும். இந்தப் பக்கம் ஒரு ஃபுட்ரெஸ்ட் என்றால் அந்தப் பக்கமும் ஒன்று. தொலைந்த போல்ட்டுக்கு ஜோடி இருந்தால் அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகலாம் (பெரியவர்கள் கையால்தான், சித்தப்பாவுக்குத் தெரியாமல் எதையும் கழற்றிவிடாதீர்கள்). ஜோடி இல்லாவிட்டால் ஓட்டையே சாட்சி சொல்லும். நட்டின் உள்விட்டம் ஏறக்குறைய 6.75 மி.மீ. இருந்தால் அது 8 மி.மீ. போல்ட்டுக்கு உரியது. எப்படி? 8 மி.மீ. தடிமனிலிருந்து மரை இடைவெளி 1.25-ஐக் கழித்துப் பாருங்கள். ஓட்டை போடுகிறவர்கள் டிரில் அளவைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கழித்தலை வைத்துத்தான். 6 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. டிரில்.

வம்பு செய்வது 10 மி.மீ. போல்ட்தான். பைக்குகளில் வரும் 10 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25. ஹார்டுவேர்ஸ் கடையில் 10 மி.மீ. என்று கேட்டால் கைக்கு வருவது 1.5. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் முதல் சுற்று போகும், இரண்டாவது சுற்றில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் என்று வித்தியாசம் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம். அங்கே நிறுத்திவிட்டால் பிழைத்தோம். "தம் கட்டித் திருகினால் போய்விடும்" என்று ஸ்பேனரைப் போட்டால் ஓட்டையின் மரை நசுங்கிப்போகும். பிறகு லேத் பட்டறைக்குப் போய் டேப் அடித்துப் புது மரை வெட்ட வேண்டியதுதான். புது போல்ட் எதுவானாலும் முதல் நாலைந்து சுற்றுகள் வெறும் விரலால் சுற்றினாலே உள்ளே போக வேண்டும்.

இத்தனை அளவுகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இதைவிட மோசம். ஒவ்வொரு பட்டறைக்கும் சொந்த மரை இருந்தது. ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு இன்னொரு பட்டறையின் நட் சேராது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, "இனி எல்லோரும் இந்த அளவிலேயே செய்யலாம்" என்று 1841-ல் சொன்னார். அவர் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரிதான் சுலபம் என்றார். இன்று உலகம் முழுவதும் ஓடும் மில்லிமீட்டர் மரையின் கோணமும் 60 டிகிரியே.

இந்த இங்கிலாந்துக் கதை நம் ஊர் வரைக்கும் நீள்கிறது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். அது இங்கிலாந்து வண்டியின் வார்ப்பு. அதனால் பழைய புல்லட்டுகளில் இன்ச் கணக்கு மரைகள் உண்டு. 5/16 இன்ச் போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. கண்ணுக்கு அது 8 மி.மீ. போல்ட்டேதான்! மரையோ முற்றிலும் வேறு. தாத்தா காலத்துப் புல்லட்டுக்குப் போல்ட் தேடுகிறவர்கள் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் மணிக்கணக்காகத் துழாவுவது இதனால்தான். இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் ஓடுகின்றன. வல்லம் வடகாலில் யமஹா ஆலையும் இருக்கிறது. புது வண்டிகளில் எல்லாம் மில்லிமீட்டர்தான்.

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன, ஓட்டையில் நின்றால் போதாதா?" என்று சித்தப்பா கேட்கக்கூடும். அவருக்கு ஒரு விமானத்தின் கதையைச் சொல்லுங்கள். 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் அது. 17,300 அடி உயரத்தில், விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்துபோனது. உள்ளே இருந்த காற்று பீறிட்டு வெளியேறியதில் விமானி டிம் லான்காஸ்டரின் பாதி உடம்பு சன்னலுக்கு வெளியே போய்விட்டது. பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். பயப்படாதீர்கள், எல்லோரும் உயிர் தப்பினார்கள். லான்காஸ்டர் சில மாதங்களில் மறுபடி விமானம் ஓட்ட வந்துவிட்டார்.

விசாரணையில் என்ன தெரிந்தது? அந்தக் கண்ணாடியை அப்போதுதான் மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் சுமார் 0.66 மி.மீ. மெலிந்தவை. மீதி ஆறும் 2.5 மி.மீ. குட்டை. இரவு வேளையில் பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார்கள். நான் இந்தக் கதையில் முக்கியமாகக் கவனிப்பது வேறு ஒன்றை. மெலிந்த போல்ட்டுக்கும் சரியான போல்ட்டுக்கும் மரை இடைவெளி ஒன்றே. ஆகவே அது மறுப்புச் சொல்லாமல் சுழன்று உள்ளே போனது. நின்றது போலவும் இருந்தது. ஆனால் மரையின் நுனி மட்டும்தான் நட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரை பொருந்துவதை விரல் சொல்லும். தடிமன் பொருந்துகிறதா என்று வெர்னியர் காலிப்பர்தான் சொல்லும்.

இப்போது நீளத்துக்கு வருவோம். நட் மாட்டும் இடத்தில் போல்ட் நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரை வெளியே தெரிந்தால் சரி. ஒரு பக்கம் மூடிய ஓட்டையில் விஷயம் வேறு. போல்ட் நீளமாகிவிட்டால் அடியில் போய் முட்டிக்கொள்ளும். ஸ்பேனருக்கு "இறுகிவிட்டது" என்று தோன்றும்; பிடிக்க வேண்டிய பாகமோ லொடலொடவென்றே இருக்கும். குட்டையாகிவிட்டால் நாலு மரைகளே எல்லாச் சுமையையும் தாங்கும். எத்தனை மரை இருந்தாலும் முதல் மரையே சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிக்கொள்கிறது என்பதால், பின்னால் துணைக்கு ஆள் வேண்டும். ஓட்டை அலுமினியத்தில் என்றால் போல்ட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும்.

சரி, போல்ட் எதற்கு இறுக வேண்டும்? ஓட்டையில் விழாமல் நிற்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் போல்ட் ஒரு கெட்டியான ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீள்கிறது. இயல்பு நிலைக்குச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் சைலன்சரையும் சட்டத்தையும் சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு இழுப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 செ.மீ. நீள ஸ்பேனரை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அதன் நுனி போகும் தூரம் சுமார் 1,250 மி.மீ. வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் 8 மி.மீ. போல்ட் முன்னேறுவது 1.25 மி.மீ. ஆயிரம் மடங்கு! அப்படியென்றால் 13 கிலோ விசை கொடுத்து இறுக்கினால் 13,000 கிலோ இழுப்பு கிடைக்குமா? கிடைக்காது. தலைக்கு அடியிலும் மரைகளிலும் நடக்கும் உராய்வே ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கைத் தின்றுவிடும். மிச்சம் சுமார் 1,600 கிலோ. அதுவே 32 சிமெண்ட் மூட்டை எடை. உங்கள் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு போல்ட் அந்த இழுப்பில் நின்றுகொண்டிருக்கிறது. 30 மி.மீ. நீளத்தில் அது நீண்டிருப்பது சுமார் 0.06 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

இந்த 1,600-ஐ நினைவில் வைத்துக்கொண்டு புது போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருக்கிறதா? முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுத்தால்தான் அறும் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் பத்தில் எட்டுப் பங்கைத் தாண்டினால் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடும் என்கிறது. 8 மி.மீ. போல்ட்டில் மரைப் பள்ளத்தைக் கழித்த பரப்பு 36.6 சதுர மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 2,300 கிலோ வரை தாங்கும். கதவு, ஜன்னலுக்குப் போடும் சாதா போல்ட்டுகள் பெரும்பாலும் 4.6 ரகம். அதே கணக்கைப் போட்டால் 880 கிலோதான் வரும். அதில் 1,600 கிலோ இழுப்பைக் கொடுத்தால்? ஸ்பேனர் சுற்றிக்கொண்டே இருக்கும், போல்ட் மிட்டாய்ப் பாகு மாதிரி நீண்டுகொண்டே போகும், கடைசியில் டக்கென்று தலை தனியாகக் கையோடு வரும்.

பளபளக்கும் எவர்சில்வர் போல்ட்டைக் காட்டி "துருப்பிடிக்காது தம்பி" என்பார் கடைக்காரர். உண்மைதான். ஆனால் அதன் தலையில் உள்ள 70 என்ற எண்ணைப் பாருங்கள். இந்த ரகம் நீளத் தொடங்குவது 1,650 கிலோ அளவிலேயே. நமக்கு வேண்டியதோ 1,600. நம்பர் பிளேட்டுக்குப் போடலாம், அழகாக இருக்கும். பிரேக்குக்குப் போட நான் சம்மதிக்க மாட்டேன். தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட்டையும் அப்படியே ஒதுக்கிவிடுவேன். எண்ணும், செய்தவர் முத்திரையும் தெளிவாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966-லிருந்து இப்படிப்பட்ட உறுதியான போல்ட்டுகளைச் செய்துவருகிறது.

அது சரி, பழைய போல்ட் ஏன் கழன்றது? மரையின் சாய்வு சுமார் 3 டிகிரிதான். இரும்பின் மேல் இரும்பு தானாக வழுக்க 8 டிகிரிக்கு மேல் சாய்வு வேண்டும். அதனால் சும்மா இருக்கும் போல்ட் தானாகக் கழலாது. ஆனால் பைக் சும்மா இருப்பதில்லை. நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சின் நொடிக்கு 83 முறை வண்டியை உலுக்குகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்டு யுங்கர் 1969-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மேலும் கீழும் ஆட்டுவதைவிட, இணைப்பைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்தால்தான் போல்ட் சீக்கிரம் கழல்கிறது என்று அதில் தெரிந்தது. பக்கவாட்டில் வழுக்கும் அந்த நொடியில் உராய்வின் பிடி விட்டுப்போகிறது. போல்ட் தன் 3 டிகிரி சரிவில் துளி இறங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான துளிகள்.

ஆகவே முதல் காவல் சரியான இறுக்கம்தான். இரண்டு பாகங்களும் வழுக்காதபடி நசுக்கிப் பிடித்துவிட்டால் கதை தொடங்கவே தொடங்காது. "ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கேன், கழலாது" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னால் சிரிக்காதீர்கள், உலகம் பூராவும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் நாசா 1990-ல் வெளியிட்ட போல்ட் கையேடு, முழுக்க இறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகிவிடும், அப்புறம் அது சாதா வாஷர்தான் என்கிறது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட் இதைவிட மேல். சைலன்சரில் சூடு அதிகமான இடம் என்றால் நைலான் உருகிவிடும். அங்கே முழுக்க உலோகத்தாலான பூட்டு நட் வேண்டும்.

போல்ட்டை மாட்டியாயிற்று. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு தலைக்கு அடியில் இருக்கும் பெயிண்டும் தூசியும் நசுங்கி இழுப்பு சற்றுக் குறையும். எனவே மறுநாள் வண்டி ஆறியிருக்கும்போது ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் வேலை ஒன்று. வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் போல்ட் தலையிலிருந்து பக்கத்துச் சட்டம் வரை ஒரே நேர்க்கோடு இழுத்துவிடுங்கள். ஆலைகளிலும் இறுக்கி முடித்த போல்ட்டுக்கு இப்படித்தான் குறி வைப்பார்கள். தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு பார்வை பாருங்கள். கோடு நேராக இருந்தால் ஏறி உட்காருங்கள். தலையில் உள்ள கோடும் சட்டத்தில் உள்ள கோடும் விலகியிருந்தால், சித்தப்பா கிக்கரை உதைப்பதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.